டொக்டரிடம் சொல்லாத சங்கதி

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் இரண்டே வகை. ஒன்று, இடுப்புப் பிடித்தவர்கள். மற்றது, பிள்ளைக்கு மருத்துவப் படிப்புக் கிடைக்காத தாய்மார். இடுப்புப் பிடித்தவர்கள் பரவாயில்லை. அவர்களுக்கு எந்த இடத்தில் நோகிறது என்றாவது தெரியும்.

போன கிழமை எடுத்தவர் இரண்டாம் வகை. பெயர் வேண்டாம். இங்கே ஆஸ்திரேலியாவில், எங்கள் பரமட்டாவில் அவரைத் தெரியாத தமிழர் இல்லை.

"அங்கிள், மகளுக்கு மெடிசின் ஒரு இடத்திலையும் கிடைக்கேல்லை. மெல்பேர்னில ஒஸ்டியோபதி கிடைச்சிருக்கு. அமெரிக்காவில இருக்கிற என்ட சிநேகிதி சொல்லுறா, அங்க ஒஸ்டியோபதி படிச்ச ஆக்கள் முழு டொக்டராம். அப்ப இஞ்சயும் டொக்டர்தானே?"

"இல்லைப் பிள்ளை."

"டொக்டர் மாதிரித்தானே?"

"மாதிரியும் இல்லை."

"அப்ப பெயருக்கு முன்னால டொக்டர் எண்டு போடேலாதோ?"

"போடலாம். ஆனா பக்கத்தில ஒஸ்டியோபத் எண்டும் போட வேணும்."

"அடைப்புக்குறிக்குள்ளையோ?"

"அப்பிடியும் போடலாம்."

"சின்ன எழுத்தில போட்டால் சரிதானே, அங்கிள்?"

பிள்ளைக்கு அந்தப் படிப்பில் விருப்பமா, மற்றவர் உடம்பைத் தொட்டு வேலை செய்ய மனம் வருமா, ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணக் கார்ட்டில் எந்த அளவு எழுத்து என்பதுதான் அவருடைய கவலை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வேலை செய்த காலம் முழுவதும் இதே கேள்விக்கு வாயால் பதில் சொல்லி அலுத்துப்போனேன். இனி எழுதி வைத்துவிடுகிறேன். கேட்பவர்களுக்கு அனுப்பிவிடலாம்.

விஷயத்தில் ஒரு சிக்கலும் இல்லை. அமெரிக்காவில் டி.ஓ. என்று பட்டம் வாங்கியவர் முழு மருத்துவர். எம்.டி. என்ற வழக்கமான மருத்துவப் பட்டம் வாங்கியவர் செய்வதெல்லாம் அவரும் செய்வார். மருந்து எழுதுவார், பிள்ளைப்பேறு பார்ப்பார், படித்திருந்தால் நெஞ்சைத் திறந்து இருதயத்திலும் கை வைப்பார். கூடுதலாக எலும்பையும் தசையையும் கையால் பார்த்துச் சரிசெய்யப் படித்திருப்பார். பலர் சோதனை எழுதி முடித்த கையோடு அதை மறந்துவிடுவதாகக் கேள்வி. ஆஸ்திரேலியாவில் ஒஸ்டியோபத் என்பவர் வேறு ஆள். பல்கலைக்கழகத்தில் படித்து, பதிவு பெற்று, முதுகும் கழுத்தும் மூட்டும் பார்ப்பவர். மருந்து எழுத முடியாது, கத்தி எடுக்க முடியாது. பெயர் ஒன்று, தொழில் இரண்டு. இவ்வளவுதான். இதை ஒரு வெள்ளைக்காரத் தச்சுத் தொழிலாளிக்குத் தேநீர் ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். எங்கள் ஆட்களிடம் ஒரு வாழ்க்கை முழுக்கச் சொல்லியும் ஏறவில்லை.

எனக்கும் ஊரில் மருத்துவம் கிடைக்கவில்லை. கிடைக்காதவர்கள் எல்லோரும் செய்வதுபோல "ஒரு புள்ளியில் போச்சு" என்று கொஞ்சக் காலம் சொல்லித் திரிந்தேன். பிறகு மெல்பேர்னில் ஒஸ்டியோபதி. அங்கே கிளேட்டனில் பொறியியல் படித்த தமிழ்ப் பெடியன்களோடு ஒரு வீட்டில் இருந்தேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எலும்புகளின் பெயர்களைப் பாடமாக்கினோம். ஒருவர் முதுகில் ஒருவர் கை பழகினோம். எனக்குக் குசினி முறை வரும் நாட்களில் ஒரு கழுத்தைப் பார்த்துவிட்டு ஒரு சமையலில் தப்பித்துக்கொள்வேன். ஊரில் அப்பா "மகன் எலும்பு டொக்டருக்குப் படிக்கிறான்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பொய்யோடு அவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார்.

தொழிலை உண்மையில் கற்றுத் தந்தவர் மார்கரெட். பரமட்டாவில் இரண்டு மாடிக் கட்டிடம் ஒன்றின் கீழ்த்தளத்தில், படிப்பு முடிந்து நான் வேலைக்குச் சேர்ந்த கிளினிக்கை நடத்திய வெள்ளைக்காரப் பெண்மணி. உயரம், ஒல்லி, வெயில் கொளுத்தும் நாளிலும் ஒரு கம்பளிச் சட்டை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாரையும் அவசரப்படுத்தவும் மாட்டார்.

நோயாளியை உள்ளே கூப்பிடுவதற்கு முன்பே அவருடைய வேலை தொடங்கிவிடும். கதவடியில் நின்று, அந்த ஆள் கதிரையிலிருந்து எழும்புவதைப் பார்ப்பார். எந்தக் கையை ஊன்றுகிறார், எந்தக் காலை முதலில் வைக்கிறார் என்று பார்ப்பார். பிறகு நடைபாதையின் அந்தம் வரை நடக்கவிட்டுத் திரும்பி வரச் சொல்வார். அப்போது முகத்தைப் பார்க்க மாட்டார். காலைப் பார்ப்பார், காதால் கேட்பார். கையை வெந்நீரில் கழுவிச் சூடாக்குவது கடைசியில்தான். அதற்கு முன்னால் கேள்விகள். அதில் இரண்டு கேள்விகளை யாராக இருந்தாலும் விடமாட்டார். சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா? பின்பக்கத்தில், இருக்கும் இடத்தில், தொடைகளுக்கு நடுவே, எங்கேயாவது மரத்திருக்கிறதா? துவாயை மடித்துக்கொண்டே, தேநீருக்குப் பால் விடவா என்று கேட்கும் குரலில் கேட்பார். பாதிரியார் வந்தாலும் கேட்பார், நீதிபதி வந்தாலும் கேட்பார்.

"எல்லோரிடமும் கேட்க வேண்டுமா? பெரும்பாலும் வெறும் முதுகு வலிதானே?" என்று தொடக்கத்தில் ஒருநாள் கேட்டேன்.

"ஓம். எப்போதாவது ஒருவருக்கு அது வெறும் முதுகு வலியாக இருக்காது. அவர் யார் என்று உனக்கு முன்கூட்டியே தெரியுமென்றால் மற்றவர்களை விட்டுவிடு" என்றார்.

எங்கள் தொழிலிலும் சரக்கில்லாத ஆட்கள் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கே வேலை செய்த ஒருவன் கைக்குழந்தைகளின் தலையை மெதுவாகப் பிடித்தே காது நோயையும் அழுகையையும் மாற்றுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டால் ஏதோ சக்தி ஓடுகிறது என்பான். மார்கரெட் ஒருநாள் கூப்பிட்டு, "பிள்ளை அழுகையை நிறுத்தியது உன் கையாலா, அல்லது அதற்கு நித்திரை வந்ததாலா?" என்று கேட்டார். அவன் சக்தியைப் பற்றி நீளமாக விளக்கினான். முழுவதும் கேட்டுவிட்டு, "இந்தக் கட்டிடத்தில் ஓடும் ஒரே சக்திக்கு மின்சாரக் கட்டணம் வருகிறது" என்றார். அந்தக் கிழமையே அவன் போய்விட்டான். கடற்கரைப் பக்கம் சொந்தமாகத் திறந்தான். என்னை விட நல்ல வீட்டில் இருக்கிறான். நாசமாய்ப் போவான்.

மேல்மாடியில் டொக்டர் குணநாயகம். எங்கள் ஆட்களின் குடும்ப வைத்தியர். கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்பார், தட்டிக்கொண்டே கேட்பார். நோயாளி கதவைச் சாத்திவிட்டு வந்து இருப்பதற்குள் பாதி மருந்துச் சீட்டு எழுதியாகிவிடும். அவ்வளவு சனம் அங்கே. கோயிலில் என்னைக் கண்டால், "சேகரம், இண்டைக்கு எத்தினை பேரை முறிச்சனீர்?" என்பார். "நீங்கள் முகம் பாக்காமல் அனுப்பின அவ்வளவு பேரையும்" என்பேன். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவருடைய பகிடிக்குச் சத்தமாக, என்னுடைய பகிடிக்கு மெதுவாக.

எங்கள் சனம் மேலே போகும்போது இஸ்திரி போட்ட சேர்ட், வாசனைத் தைலம். என்னிடம் வரும்போது காய்கறித் தோட்டத்தில் நின்ற கோலத்திலேயே வருவார்கள். மேலே "டொக்டர்", கீழே "தம்பி". அதுகூடப் பரவாயில்லை. டொக்டரிடம் போவதே இவர்களுக்குச் சோதனை எழுதப் போவதுதான். இரத்தம் எடுக்க முந்திய கிழமை இனிப்பை அடியோடு விடுவார்கள். முடிவு நல்லாக வந்ததும் லட்டு வாங்கி வீட்டுக்கு வீடு கொடுப்பார்கள். பிறகு என் சிகிச்சை மேசையில் வந்து குப்புறப் படுத்துக்கொண்டு, "தம்பி, அந்தப் பிரஷர்க் குளிசையை நான் விட்டுக் கனகாலம். டொக்டரிட்டைச் சொல்லிப்போடாதேங்கோ" என்பார்கள். மூச்சுவிட மேசையில் விட்டிருக்கும் ஓட்டைக்குள் முகம் இருப்பதால் வெட்கம் குறைவோ என்று முதலில் நினைத்தேன். காரணம் அது இல்லை என்று சிவசம்பு அண்ணர்தான் தெளிவாக்கினார்.

சிவசம்பு அண்ணர் ஓய்வு பெற்ற கணக்காளர். கோயில் நிர்வாக சபையில் இருந்தார். ஒரே மகள் ராகவி, எங்கள் கட்டிடத்துக்குக் கிட்ட உள்ள நீதிமன்றத்தில் வழக்கறிஞர். உறவினர் கல்யாணம் ஒன்றில் கண்டு பழகிய அமெரிக்கத் தமிழ்ப் பெடியன் பிரணவனைக் கட்டப்போவதாக அந்தப் பிள்ளை வீட்டில் சொன்னது. பெடியன் டொக்டர் என்றதும் அண்ணர் ஒரு கேள்வி கேட்கவில்லை. காதல் என்ற சொல்லைக்கூட மன்னித்துவிட்டார். கோயில் முழுக்கச் சொன்னார். தேர்த் திருவிழாவில் வடம் பிடித்தபடியே முன்னால் நின்றவருக்கும் பின்னால் நின்றவருக்கும் சொன்னார்.

ஒருநாள் மத்தியானத்துக்குப் பிறகு என் அறைக்குள் வந்து, கதவைச் சாத்தி, திறந்து வெளியே பார்த்து, மறுபடியும் சாத்தினார். அப்போது மார்கரெட் ஓய்வு பெற்று, கிளினிக் என் பொறுப்பில் இருந்தது.

"தம்பி, ஒண்டு கேக்க வேணும். இடுப்பும் நோகுது, அதையும் ஒருக்காப் பாருங்கோ."

"எதை முதல் பாக்கிறது?"

"கேள்வியை. டி.ஓ. எண்டால் உங்கட ஆக்கள்தானே?"

ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்தில் வருங்கால மருமகனின் படத்தைப் பார்த்து மகிழப் போயிருக்கிறார். பெயருக்குப் பக்கத்தில் எம்.டி.க்குப் பதிலாக டி.ஓ. கிடந்திருக்கிறது. என்னவென்று தேடினால் ஒஸ்டியோபதி என்று வந்திருக்கிறது. ஒஸ்டியோபதி என்றால் அவருக்குத் தெரிந்தது நான் ஒருவன்தான். என்னை நினைத்ததும் மனிதருக்குத் தலை சுற்றியிருக்கிறது.

"அண்ணை, அமெரிக்காவில அது வேற. அவர் முழு டொக்டர். மருந்து, ஆஸ்பத்திரி, எல்லாம்."

"அப்ப ஏன் ஒஸ்டியோபதி எண்டு கிடக்கு?"

"பேர் ஒண்டு. படிப்பு வேற."

"நீங்கள் உங்கட தொழிலை விட்டுக்குடுப்பியளே! ஊர் முழுக்க டொக்டர் மாப்பிள்ளை எண்டு சொல்லிப்போட்டன் தம்பி. முதுகு பிடிக்கிறவன் எண்டு தெரிஞ்சால் எனக்கு என்ன மரியாதை? இந்தச் சம்பந்தம் வேண்டாம். இண்டைக்குப் பின்னேரம் பிள்ளையிட்டைச் சொல்லப்போறன்."

முதுகு பிடிக்கிறவனிடம், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னார். வாய்க்குள் வந்ததை விழுங்கிக்கொண்டு, "நடைபாதை முடியுமட்டும் நடந்து போட்டு வாங்கோ" என்றேன்.

நடந்தார். வலது கால் வைத்த சத்தம் கேட்கவில்லை. இடது கால் தரையில் சப்பென்று விழுந்தது.

"அதென்ன சத்தம்?"

"சப்பாத்துப் புதுசு."

துவாயை மடித்தேன். சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா, எங்கேயாவது மரத்திருக்கிறதா என்று மார்கரெட்டின் குரலில் கேட்டேன்.

"அதெல்லாம் டொக்டர் கேக்கிற கேள்வி. நீங்கள் முதுகைப் பாருங்கோ."

"டொக்டர் கேட்டவரோ?"

"நேற்றுப் போனனான். கேட்டவர். ஒரு பிரச்சினையும் இல்லை எண்டு சொன்னனான். நோவுக்குக் குளிசை தந்தவர்."

படுக்க வைத்துக் குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டினேன். வலது பாதம் துள்ளியது. இடது பாதம் சும்மா கிடந்தது. இன்னொருமுறை தட்டினேன். அசைவில்லை. அதற்குள் அண்ணர் மாப்பிள்ளையைத் திட்டுவதை விட்டு மனைவியைத் திட்டத் தொடங்கியிருந்தார்.

"எல்லாம் அவ குடுத்த இடம். ஒண்டுக்கும் ஒரு யோசினை இல்லை. போன கிழமை ஒரு கதிரை வாங்கி வைச்சிருக்கிறா பாருங்கோ. இருந்தால் இருக்கிறதே தெரியேல்லை. பஞ்சில இருக்கிற மாதிரிக் கிடக்கு."

சுத்தியல் என் கையிலேயே நின்றது.

"காரில இருக்கேக்க, அண்ணை?"

"கார் சீற்றும் இப்ப அப்பிடித்தான்."

"கோயில்ல, நிலத்தில இருக்கேக்க?"

பூசைக்கு நிலத்தில் சம்மணம் கட்டி இருக்கும் மனிதர். சீமெந்துத் தரை ஒருவருக்குப் பஞ்சாகப் போனால் அது கதிரையின் குற்றம் இல்லை.

"அதுவும்தான்" என்றார் கடைசியில்.

"அண்ணை, வெட்கத்தை விட்டுச் சொல்லுங்கோ. சலம் போகுதோ?"

"நேற்றுத் தொடக்கம் முட்டிக்கொண்டு நிக்குது. வருகுதில்லை. தண்ணி குடிக்கிறதை விட்டிட்டன். அதால பெரிசாத் தெரியேல்லை."

"ஐயோ, இதை ஏன் டொக்டரிட்டைச் சொல்லேல்லை?"

"அவரிட்டை எப்பிடித் தம்பி? எவ்வளவு பெரிய மனுசன். அவற்ற மனுசி கோயில்ல எங்களோட ஒண்டா நிக்கிறவ. போயும் போயும் மூத்திரக் கதையோ கதைக்கிறது?"

"என்னட்டை மட்டும் சொல்லுறியள்?"

"நீங்கள் டொக்டர் இல்லைத்தானே" என்றார். குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார்.

கோபப்பட நேரமில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. முதுகெலும்பின் அடியில், எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு ஒன்று பிதுங்கி நரம்புக் கொத்தை நசுக்குகிறது. கெதியாக அறுவை செய்து நசுக்குவதை எடுக்காவிட்டால், சலம், மலம், கால் எல்லாம் வாழ்நாள் முழுக்கப் போய்விடலாம். கை வைக்கவே கூடாது. புத்தகத்தில் படித்ததுதான். மார்கரெட் ஒவ்வொரு முதுகிடமும் தேடியதும் இதைத்தான். இப்போது என் மேசையில் இருந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தது.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போக வேணும்."

"டொக்டர் சொல்லட்டும். சொன்னால் போறன்."

மேலே போன் எடுத்தேன். குணநாயகம் வழக்கம்போலத் தட்டிக்கொண்டே, "என்ன சேகரம், ஆரையும் முறிச்சுப் போட்டீரோ?" என்றார். சொன்னேன். தட்டுகிற சத்தம் நின்றது.

"நேற்றுக் கேட்டனான். ஒண்டும் இல்லை எண்டவர்."

"என்னட்டை ஓம் எண்டுறார்."

காத்திருந்த சனத்தை அப்படியே விட்டுவிட்டு மனிதர் படி இறங்கி வந்தார். அந்தக் கட்டிடத்தில் அவர் என் அறைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அவரைக் கண்டதும் சிவசம்பு அண்ணர் எழுந்து சேர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என்ன அண்ணை, சலம் அடைச்சிருக்கோ?"

"சீச்சீ. ஒண்டுமில்லை டொக்டர். சும்மா இடுப்புப் பிடிப்பு. தம்பிதான் பயந்துபோனார்."

என் கண் முன்னாலேயே. அந்த இடத்தில் எனக்கு அவருடைய கழுத்தைத்தான் பிடிக்க வேண்டும்போல் இருந்தது. குணநாயகம் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். நோயாளி இல்லை என்கிறார், கீழ்மாடிக்காரன் உண்டு என்கிறான். ஆரை நம்புவது? அவர் கையைக் கழுவினார். திரைச்சீலையை இழுத்தார். அண்ணரைப் பக்கவாட்டில் படுக்கச் சொல்லி, மழுங்கிய ஊசி ஒன்றை எடுத்தார். அவசரமே இல்லை. மார்கரெட் நின்றிருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்.

"கண்ணை மூடுங்கோ. நான் தொடேக்க தெரிஞ்சால் சொல்லுங்கோ."

கைமுட்டியில் தொட்டார். "ஓம் டொக்டர்." முதுகில் தொட்டார். "ஓம்." பின்பக்கத்தில், இருக்கும் இடத்தில் தொட்டார். "ஓம் டொக்டர். நல்லாத் தெரியுது." குணநாயகம் எனக்குக் கண்ணால் காட்டிவிட்டு, ஊசியை எடுத்துத் தன் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"இப்ப?"

"ஓம் டொக்டர்."

"இப்ப எப்பிடி, கூர்மையோ?"

"ஓம், கூர்மை. நல்லாக் குத்துது."

வெளியே சொன்னால் பகிடி. அந்த அறையில் நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

"கண்ணைத் திறவுங்கோ அண்ணை."

அண்ணர் திரும்பிப் பார்த்தார். ஊசி ஆகாயத்தில் நின்றது. அவருடைய முகம் விழுந்துபோனது. அப்போதும், "எல்லாத்துக்கும் ஓம் எண்டுதானே சொன்னனான்?" என்றார் பாவமாக.

"இது சோதினை இல்லை அண்ணை" என்றார் குணநாயகம். அந்தக் குரலை நான் கோயிலில் கேட்டதே இல்லை.

ராகவியைக் கூப்பிட்டோம். நீதிமன்ற உடுப்போடு ஓடி வந்தது பிள்ளை. வந்ததும் வராததுமாகப் போனில் பிரணவனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டது. அவர் அங்கே ஆஸ்பத்திரியில் வேலையில் நின்றார். கொஞ்சம் தமிழ், மிச்சம் அமெரிக்கா.

"அங்கிள், ப்ளீஸ், இப்பவே போங்கோ. வெயிட் பண்ண வேண்டாம். ஸ்கான் எடுத்து, தேவைப்பட்டா இண்டைக்கே ஆப்பரேஷன்."

அண்ணர் என் காதுக்குள், "இவருக்கு என்ன தெரியும். உங்கட ஆள்தானே" என்றார்.

குணநாயகத்துக்கு அது கேட்டுவிட்டது. "அண்ணை, இவர் அவசர சிகிச்சையில டொக்டர். முழு டொக்டர். இப்பிடியான கேசுகளை என்னை விடக் கூடக் கண்டிருப்பார்."

"உண்மையாவோ டொக்டர்?"

"உண்மையா."

நான் சொன்னபோது அது தொழிலை விட்டுக்கொடுக்காத பேச்சு. அவர் அதையே சொன்னதும் வேதவாக்கு. அண்ணரின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. சலம் அடைத்து, கால் செத்து, பின்பக்கம் மரத்துப்போன மனிதர், கல்யாண வீட்டுக்குப் போகிறவர்போல மகளின் காரில் ஏறினார். போகும்போது கண்ணாடியை இறக்கி, "டொக்டர், போட்டு வாறன்" என்று குணநாயகத்துக்கு மட்டும் கை காட்டினார்.

குணநாயகம் என் மேசையிலேயே இருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். யார் கண்டுபிடித்தது என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "கீழே இருக்கிற என் கொலீக். ஒஸ்டியோபத்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு எங்கேயும், எந்த மேடையிலும் அவர் அதைத் திருப்பிச் சொன்னதில்லை. கொலீக், உடன் தொழில் செய்பவன். நான் அந்த ஒரு சொல்லை இன்றைக்கும் வைத்திருக்கிறேன். வைத்திருப்பதற்கு எனக்கு வெட்கமும் இல்லை.

அன்று இரவே அறுவை செய்தார்கள். மனிதர் நடந்தார், முதலில் நடைச் சட்டத்தைப் பிடித்து, பிறகு ஊன்றுபொல்லோடு. சலத்துக்குக் கொஞ்சக் காலம் குழாய் இருந்தது. பார்க்கப் போனபோது கட்டிலைச் சுற்றிக் கோயில் சனம் நின்றது. அண்ணரின் மனைவி எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். "மருமகன் அமெரிக்காவில இருந்துகொண்டு போனிலையே கண்டுபிடிச்சிட்டார்! குரலைக் கேட்டே சொல்லிப்போட்டார்!" நான் கொண்டுபோன தோடம்பழங்களை வைத்துவிட்டு வந்துவிட்டேன். எரிச்சலாக இருந்தது. பெருந்தன்மை எல்லாம் எனக்கு வராது. கார் தரிப்பிடத்தில் நின்று மனம் ஆறும்வரை திட்டினேன்.

மார்கரெட்டுக்குப் போன் செய்து சொன்னேன். ஊசிக் கதையைக் கேட்டும் அவர் சிரிக்கவில்லை. "மரத்திருக்கிறதா என்று நீ கேட்டபோது சொன்னாரா, கதிரையைப் பற்றிச் சொல்லும்போது வந்ததா?" என்றார்.

"கதிரையில்தான் வந்தது."

"சரி. இனி எல்லோரிடமும் கதிரையையும் கேள்" என்றார். ஓய்வு பெறும் நாள் வரை கேட்டேன். எங்கள் ஆட்கள் வீட்டுக் கதிரைகளைப் பற்றி ஆஸ்திரேலியாவில் என்னளவு தெரிந்தவர் இல்லை.

இதையெல்லாம் போன கிழமை அந்தத் தாய்க்கும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "பிள்ளைக்கு விருப்பம் எண்டால் விடுங்கோ. நல்ல தொழில். டொக்டர் வேணுமெண்டால் திரும்பச் சோதினை எழுதட்டும். ரெண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ" என்று முடித்தேன். "அப்ப பல் வைத்தியம் எப்பிடி அங்கிள்? அவை பெரிய எழுத்தில போடலாம்தானே?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

அவருக்குச் சொல்லாமல் விட்டது ராகவியின் கல்யாணக் கதை. அதில்தான் அவருடைய கேள்விக்குப் பதில் இருக்கிறது.

மண்டபம் நிறையச் சனம். அழைப்பிதழில் மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் டொக்டர் என்பது பெண்ணின் பெயரைவிடப் பெரிதாக இருந்தது. தாலி கட்டி முடிந்து சாப்பாட்டு நேரம். சிவசம்பு அண்ணர் பட்டு வேட்டி, பொல்லு, தோளில் சால்வை. என்னைக் கண்டதும் கையைப் பிடித்து ஒரு தூணடிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, போறது வாறது எல்லாம் இப்ப ஒழுங்கு. ஆனா இந்த இடது பாதம் ரெண்டு கிழமையா முந்தியை விட மோசம். மணவறையில வெறுங்காலோட நிக்கேக்க நிலமே தெரியேல்லை. விழுந்துபோடுவன் எண்டு பயத்தில மனுசியின்ட தோளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். சனம் பாசம் எண்டு நினைச்சிருக்கும். ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ."

அதற்குள் குணநாயகம் கையில் பாயாசக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். பின்னாலேயே மாலையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி மாப்பிள்ளை.

"எப்பிடி அண்ணை கால்?" என்றார் குணநாயகம்.

"முழுச் சுகம் டொக்டர். ஒரு குறையும் இல்லை."

"உண்மையா ஓகேயா, மாமா?" என்றார் மாப்பிள்ளை.

"ஓகே, டொக்டர்" என்றார் அண்ணர், தன் சொந்த மருமகனிடம்.

மேல்மாடி டொக்டர் தலையாட்டவில்லை. டி.ஓ.வும் தலையாட்டவில்லை. கேள்வியை அவரிடம் கேட்டுவிட்டு, பதிலுக்கு இரண்டு டொக்டர்களும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் இல்லை என்று தலையசைத்தேன்.

"திங்கட்கிழமை காலமை வாங்கோ அண்ணை. பாதத்தைப் பாப்பம்" என்றார் குணநாயகம். மாப்பிள்ளை அந்த இடத்திலேயே குனிந்து மாமனாரின் வேட்டிக் கரையைத் தூக்கிக் காலைப் பார்க்கத் தொடங்கினார்.

சிவசம்பு அண்ணர் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, கோபத்திலா வெட்கத்திலா தெரியவில்லை.

"துரோகி! நீர் டொக்டர் இல்லை எண்டபடியால்தானே ஐசே உம்மட்டைச் சொன்னனான்!"